வயிறு கழுவிய சுறா

"வயித்தைக் கழுவச் சொன்னது யாரு?"

மத்தியான லோக்கல் ரயிலின் லக்கேஜ் பெட்டியில், காலடியில் தெர்மாகோல் பெட்டியை வைத்துக்கொண்டு நின்ற பெண் கேட்டாள். எதிரே அவளுடைய அண்ணன். மீன் இறங்குதுறையில் வேலை என்பதை ரப்பர் பூட்ஸே சொன்னது.

"தங்கச்சிக்குக் குடுக்குற மீனை சாஃப் பண்ணாம எப்படிட்டி குடுக்க? நல்லாக் கழுவி ஐஸ்ல வச்சேன்."

"கொழம்பு வைக்கவா கேட்டேன்? ஆழத்துல கெடக்குற சுறாண்ணே இது. மூணு வருசமா ஆராய்ச்சிக்கு இதைத் தேடி அலையுதேன். என்ன திங்குது, எங்க குட்டி போடுதுன்னு எவனுக்கும் சரியாத் தெரியாது. எல்லாம் அந்த வயித்துக்குள்ளதான் இருந்துச்சு. தொடாதேன்னு போன்ல ரெண்டு தடவை சொன்னேன்."

"குடலை அப்படியே விட்டா நாறிருமேன்னு பாத்தேன்."

"நாறட்டும். நாறுனாத்தான் எனக்கு வேலை."

வண்டி வடாலா ஸ்டேஷனைத் தாண்டியது. அவள் மெதுவாகக் கேட்டாள்.

"உள்ள குட்டி இருந்துச்சா?"

"நாலு."

"எங்க?"

"குடலோட சேத்துத் தண்ணியில தள்ளிட்டேன்."

 அவள் பையிலிருந்து டேப்பையும் நோட்டையும் எடுத்தாள்.

"குட்டி எம்புட்டு நீளம்? கையைக் காட்டு."

அவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். அவள் இடைவெளியை அளந்து எழுதினாள்.

"எழுதிட்டேல்லா. அப்போ சரியாப் போச்சு."

"எது சரியாப் போச்சு? யாரு பாத்தான்னு கேப்பாங்க. எங்க அண்ணன்தான் பாத்தான், அவனேதான் தூரப் போட்டான்னு எழுதவா?"

விரித்த கைகளை அவர் இன்னும் இறக்கவில்லை.