கிழிஞ்ச ஜவ்வுக்கு ஒரு கையெழுத்து

இல்லம்மா, ஆபரேஷன் எனக்கு இல்ல. என் முட்டி செத்து இருபத்தி நாலு வருஷம் ஆச்சு, இனிமே அதைத் தொட்டு யாரு என்ன பண்றது. உள்ள படுத்திருக்கது என் தம்பி மவ, வானதி. பன்னெண்டாவது படிக்குது. பள்ளிக்கூடத்துல கோகோ ஆடுறப்ப சட்டுனு திரும்பியிருக்கு. கால் நின்ன இடத்துலயே நின்னுடுச்சு, உடம்பு மட்டும் திரும்பிடுச்சு. முட்டிக்குள்ள ஜவ்வு கிழிஞ்சிருக்காம். உங்க வீட்டுக்காரருக்கும் அதானா? பைக்லேருந்து விழுந்தா? ஓ, பூதலூர்லேருந்து வர்றீங்களா. நான் பாபநாசம் பக்கம். பேரு துரைராசு.

எனக்கும் அதே ஜவ்வுதாம்மா. நாத்துக்கட்டைத் தலையில வச்சுக்கிட்டு வரப்புல வர்றேன், வழுக்கி வயலுக்குள்ள கால் எறங்கிடுச்சு. சேறு காலைப் புடிச்சுக்கிச்சு, உடம்பு சுத்திடுச்சு. டாக்டர் மொத்தமா எடுத்துப்புட்டாரு. என் தம்பி இளஞ்செழியன் அதை ஒரு பாட்டில்ல வாங்கியாந்து காமிச்சான். கதிரறுக்குற கருக்கருவா மாதிரி சின்னதா வளைஞ்சு, வெள்ளையா கெடந்துச்சு. தொல்லை ஒழிஞ்சுதுண்ணேன்னான். நானும் பதினஞ்சு நாள்ல நடந்தேன், ஒழிஞ்சுதுன்னுதான் நெனச்சேன். அஞ்சாறு வருஷம் போனதும் எலும்போட எலும்பு ஒரச ஆரம்பிச்சிடுச்சு. இப்ப சேத்துல எறங்குனா தூக்கிவிட ஆள் வேணும். நான் நடந்து வந்ததைப் பாத்தீங்கல்ல.

டாக்டர் மேல கோவமா? அவரு மேல எனக்கு ஒண்ணும் இல்ல. அப்ப எல்லாரும் அப்படித்தான் எடுத்தாங்களாம். இங்க உள்ள டாக்டரு நேத்து உக்கார வச்சுச் சொன்னாரு. ஒரு காலத்துல அது எதுக்குன்னே தெரியாம முழுசா எடுத்தோம், அப்பறம் குழாய் விட்டு கிழிஞ்ச ஓரத்தை மட்டும் நறுக்குனோம், இப்ப முடிஞ்ச வரைக்கும் தச்சு உள்ளயே வச்சிடுறோம், அதுதான் முட்டிக்கு மெத்தைன்னாரு. என் மெத்தை பாட்டில்ல போயிடுச்சு.

கோவம் தம்பி மேலதான். இருங்க, சொல்றேன். அந்தக் குழாய் வைத்தியம் அப்பவே மெட்ராஸ்ல வந்திருந்துச்சு. சீட்டு எழுதித் தர்றேன், கூட்டிக்கிட்டுப் போறியான்னு டாக்டர் அவனைக் கேட்டிருக்காரு. வேணாம், இங்கேயே எடுத்துடுங்கன்னு கையெழுத்துப் போட்டுட்டான். நான் மருந்து மயக்கத்துல கெடக்கேன். அப்பறமும் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. பதினோரு வருஷம் கழிச்சு, அங்க கம்பவுண்டரா இருந்த மூஸா பாய் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நடவு பாதியில நிக்குது, அவனுக்குக் கை கால் ஓடலைன்னு என் சம்சாரம் அம்சம் சொல்லுவா. நான் ஒத்துக்க மாட்டேன். சிங்கப்பூருக்கு வீட்டுக்கு ஒருத்தரைத்தான் எடுப்பேன்னு ஏஜெண்டு சொல்லியிருந்தான். போக வேண்டியது நான். போனது யாரு?

போன் அடிக்குதா? அடிக்கட்டும்.

இல்ல, சண்டையெல்லாம் போடல. அவன்கிட்ட கேக்கவே இல்ல. கேட்டா அழுதுடுவான், நானும் விட்டுடுவேன். விட எனக்கு மனசு இல்லம்மா. அவனும் அவன் பொண்டாட்டி சாவித்திரியும் சிங்கப்பூர்லயே இருக்காங்க. புள்ளைய மூணு வயசுலேருந்து வளக்குறது நாங்கதான். வர்ற தையில எனக்கு அறுபது. திருக்கடையூர்ல வச்சுப் பண்ணணும்னு டிக்கெட் போட்டு வச்சிருக்கான். நான் வரலைன்னுட்டேன்.

வானதியா? அது தங்கம்மா. காலையில எனக்கு முட்டி மடங்காது. குனிஞ்சு செருப்பை மாட்டிவிட்டுட்டுத்தான் பள்ளிக்கூடம் போவும்.

அவளுக்கு டாக்டர் ரெண்டு வழி சொன்னாரு. கிழிஞ்சது ரத்தம் ஓடுற எடத்துல, சின்ன வயசு வேற, தச்சா ஒட்டிக்கும். ஆனா ஒன்றரை மாசம் காலை ஊனக் கூடாது. நறுக்கி எடுத்துட்டா சீக்கிரம் நடக்கலாம், பரீட்சைக்குப் போகலாம், பின்னாடி தேய்மானம் வரும். என்னைக் கேட்டா தைப்பேன், வீட்ல பேசிட்டுச் சொல்லுங்கன்னாரு. புள்ளைக்குப் பதினேழு வயசு, பெரியவங்க கையெழுத்து வேணுமாம்.

நேத்தே அவன்கிட்ட போன்ல பேசுனேன். டாக்டர் என்னண்ணே சொல்றாருன்னான். எடுத்துடணும்ங்கிறாருன்னேன். வேற வழி இல்லையான்னான். இல்லைன்னேன். அப்பறம் சொல்றான், போடுண்ணே, நீ போட்டா நான் போட்ட மாதிரின்னு.

போட்டுட்டேன். எடுக்குறதுக்குத்தான். இந்தா, சட்டைப் பையில இருக்கு, இன்னும் குடுக்கல. நர்ஸம்மா ரெண்டு தடவை வந்து கேட்டுச்சு. கண்ணாடி கொண்டாரல, வந்ததும் படிச்சுட்டுத் தர்றேன்னு சொல்லி அனுப்பிட்டேன். கண்ணாடி இருந்தா மட்டும் என்ன. எனக்கு என் பேரு மட்டுந்தாம்மா எழுத வரும்.

மறுபடியும் அடிக்குது பாருங்க. அவன்தான். காலையிலேருந்து அஞ்சாவது தடவை.

அந்தா, நர்ஸம்மாவும் வருது. உங்களுக்குப் படிக்கத் தெரியும்ல? தைக்கிறதுக்கு வேற காகிதம் இருக்கான்னு நீங்க கேளுங்கம்மா. எனக்கு வாய் வரல.