லீடர்னா கத்தணுமா

தோல் பதனிடும் டேனரி வாசனை பேருந்து ஜன்னலில் ஏறினால் ஆம்பூர் வந்துவிட்டது என்று பொருள். பள்ளி நாட்களில் என் சட்டையெல்லாம் அந்த வாசனைதான். அந்த நினைப்பில் போய்க்கொண்டிருந்தவனை முன் இருக்கைக் கேள்வி ஒன்று இழுத்தது.

"லீடர்னா கத்தியே ஆவணுமாடி?"

மலைமேல் தங்கிப் படிக்கும் பள்ளியிலிருந்து விடுமுறைக்கு இறங்கிவரும் இரண்டு பெண்கள். கூடாரம் அடிப்பதும் காட்டில் வழி கண்டுபிடிப்பதும் அங்கே பாடமாம். கேட்டவள்தான் அடுத்த வார மலையேற்றத்துக்கு லீடர்.

"பின்ன? நீ நில்லுன்னு சொன்னா உனக்கே கேக்கல. நாங்க பாட்டுக்கு ஆந்திராவுக்கு நடந்து போய்டுவோம்."

"பேஜாரா இருக்குடி. வேணாம்னு சார்கிட்ட சொல்லிடறேன்."

"சொல்லு. அதயாவது அவருக்குக் கேக்கற மாதிரி சொல்லு."

பேருந்து ஆம்பூரில் நின்றது. நெரிசலுக்கு நடுவே லீடர், "எறங்கணும், கொஞ்சம் வழி விடுங்க" என்று முணுமுணுத்தாள். யாரும் அசையவில்லை. வண்டி கிளம்பியது. அவள் தோழியைப் பார்த்தாள். தோழி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அண்ணா, வண்டிய நிறுத்துங்க!" என்று லீடர் கத்தினாள்.

ஓட்டுநர் மிதித்த பிரேக்கில் எல்லோரும் முன்னே சாய்ந்தோம். வழி தானாகப் பிறந்தது. அவள் இறங்கியதும் தோழி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"திங்கக்கெழம வரும்போது அந்தக் கொரல வூட்ல வச்சிட்டு வந்துடாத."