கோடை எழுங்கால் மணி முழக்குக

அநியாயம் நடந்தது எனக்கும்மா! வள்ளக்காரி கருத்தம்மாளுக்கு இல்ல. அவளுக்குப் போனது ஒரு வள்ளம். எனக்குப் போகப்போறது சங்கத்து செகரட்டரி வேலை! ராம்நாட்டுல இன்னைக்கு விசாரணை... புத்தகத்த மூடுங்கம்மா, பஸ்ஸு போய்ச் சேரட்டும், காலேஜ் எங்கயும் ஓடிராது. கொஞ்சம் தள்ளி உக்காருங்க, பைலு நசுங்குது.

இதத் தூக்கிப் பாருங்க. நாப்பத்தாறு பக்கம்! 'இடர்காப்புத் திட்டம்.' நான் எழுதினது. போன வருசப் புயலுக்கப்புறம் மேலிடத்து உத்தரவு... ஒவ்வொரு மீனவர் சங்கமும் புயலுக்கு முன்னால என்ன செய்யும், அடிச்சு ஓஞ்சபெறகு எப்படி எந்திரிச்சு நிக்கும்னு எழுதி அனுப்பணுமாம். மத்த ஊர்ல ரெண்டு பக்கம் கிறுக்கி அனுப்பிச்சானுக. திருப்பாலைக்குடிச் சங்கத்துக்கு மட்டுந்தான் ஆபீசரே பாராட்டிக் கடுதாசி போட்டாரு. இருங்க, இங்கனதான் வச்சேன்... சரி, விடுங்க.

ஒத்திகை வேற நடத்தினேம்மா. கடக்கரையில எல்லாரையும் கூட்டி, நாப்பத்தாறு பக்கத்தையும் வாசிச்சேன். கேட்டாங்களா? ஒருத்தன் வலை பின்றான், ஒருத்தி கருவாட்டுக்குக் காக்கா வெரட்டுறா. ஏழாம் பக்கத்துல, 'கோடை எழுங்கால் மணியை மும்முறை முழக்குக, வள்ளங்களைக் கரையேற்றுக'ங்கறேன். காவக்காரன் தங்கசாமி எந்திரிச்சு, 'கோடையில ஏது சார் புயலு?'ங்கறான். ஏலே, குறுக்க பேசாம உக்காருன்னேன். பின்ன என்னம்மா, இன்னும் முப்பத்தொம்பது பக்கம் கெடக்கு!

அவன் லேசுப்பட்ட ஆளில்ல. புரட்டாசியில மேகம் கறுத்ததுக்கே மணியடிச்சு ஊரக் கூட்டினவன். 'திட்டத்துல இல்லாத எதுக்காவது மணி மேல கை வச்ச, வேலை போயிரும்'னு சொல்லி வச்சிருந்தேன். ஒழுங்குன்னு ஒன்னு வேண்டாமா?

கார்த்திகையில நான் சிக்கல்ங்கற ஊருக்கு, மச்சினன் வீட்டு விசேசத்துக்குப் போயிருக்கேன். அன்னைக்குப் பாத்தா மேக்கேருந்து காத்து அப்படி அடிக்கணும்! நங்கூரத்த இழுத்துக்கிட்டு வள்ளமெல்லாம் நடுக்கடலப் பாத்து நகருது. தங்கசாமி என்ன செஞ்சான்? மணிக்குக் கீழ நின்னு திட்டத்தப் பொரட்டுறான்! 'கோடைக்கு இன்னும் அஞ்சு மாசம் கெடக்கே, இப்ப அடிச்சா சார் சீட்டக் கிழிச்சிருவாரு'ன்னு கையக் கட்டிக்கிட்டு நின்னுட்டானாம். அப்புறம் பொம்பளைக கூச்சல் போட்டு, ஆளுக ஓடி, மத்ததெல்லாம் இழுத்துட்டாங்க. கருத்தம்மாளுக்குப் புருசனும் இல்ல, இழுக்க ஆளும் இல்ல. அவ வள்ளம் போயே போச்சு. இருந்ததே அது ஒன்னுதானாம்.

அதுக்கும் வழி வச்சிருந்தேம்மா, முப்பதாம் பக்கம், 'மீட்பு'! விண்ணப்பம் மூணு பிரதி, கூடவே ஆதாரத்துக்கு வள்ளத்துல அடிச்ச நம்பர் பலகை. 'பலகை வள்ளத்தோடதான சார் போச்சு'ங்கறா! எதச் சொன்னாலும் ஒரு சாக்கு.

சங்கக் கூட்டத்துல வச்சுக் கேட்டேன். 'கோடைன்னா வெயில்காலமாய்யா? மேக்கேருந்து வர்ற காத்துய்யா! பழைய நூலெல்லாம் அப்படித்தான் சொல்லுது. தமிழே தெரியாம கடலுக்குப் போனா நான் என்ன செய்ய?' அந்தக் காத்துக்கு அங்கன கச்சான்னு பேராம். கச்சான்! அத ஆபீசருக்கு எழுத முடியுமா, படிச்ச புள்ள, நீங்களே சொல்லுங்க... என்ன, சிரிக்கிறீங்க? ஏன் பைய எடுக்கிறீங்க? இது தேவிபட்டணம்மா, நீங்க ராம்நாட்டுக்குல்ல டிக்கெட் எடுத்தீங்க! இருங்க, முடிச்சிர்றேன். கூட்டத்துல கருத்தம்மா மட்டும் எந்திரிச்சா. அழுவா, கால்ல விழுவான்னு பாத்தேன். அவ சொல்றா...

'அப்ப அந்தக் காத்து ஒங்க பொஸ்தகத்தப் படிச்சிருக்கு சார். நாங்கதான் படிக்கல. என் வள்ளத்த எங்கன வச்சிருக்குன்னு நீங்களே அதுகிட்டக் கேட்டுச் சொல்லுங்க.'