வீரம்மா வூட்டு விசாரணை

இல்லீங்க சார், அந்தச் சேர்ல உக்காராதீங்க, அதுக்கு ஒரு காலு ஆடும். இந்த ஸ்டூல்ல உக்காருங்க. வெளியவே பேசிடலாங்க. உள்ள தகர சீட்டு போட்ட வூடு, வெயில் ஏறிடுச்சின்னா அடுப்புக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கும். வர்றவங்களுக்கெல்லாம் இந்த முந்திரி மரத்தடிதான் எங்க ஹாலு. தண்ணி குடிக்கறீங்களா?

ஆமாங்க, சண்முகப்பிரியா நான்தான். மனு குடுத்ததும் நான்தான். அம்மா வீரம்மாள். அப்பா சின்னதுரை, அவரு செத்துட்டாருங்க, நான் காலேஜ் சேர்ந்த வருசம். நாங்க இருளர்னு சர்டிபிகேட் கேட்டிருக்கேன். உண்மையிலயே இருளர்தானான்னு பாக்க உங்கள அனுப்பியிருக்காங்க. தெரியுங்க சார். நீங்க மானுடவியல் படிச்சவரு, அதனாலதான் உங்களுக்கு இந்த வேலை. நானும் அதுதான் படிச்சேன். எம்.ஏ., சென்னையில.

சிரிங்க சார், பரவால்ல. எங்க கிளாஸ்லயும் சிரிச்சாங்க. பிராங்க்ளின்னு ஒருத்தன், கடலூர்க்காரன், நல்ல பையன்தான். பழங்குடிகள்னு பாடம் வந்தா போதும், புஸ்தகத்த பாக்க மாட்டான், திரும்பி என்னப் பாப்பான். ஏ, உன் பாடம் வருது, எழுந்து நின்னு காட்டுன்னுவான். நானும் சிரிச்சிடுவேன். வேற என்ன பண்றது.

ஆசப்பட்டு எடுத்த படிப்பு இல்லீங்க. வேற கோர்ஸ்ல எடம் இல்ல, இதுல இருந்துச்சு. மொத நாள் மண்டையோடு ஒன்ன கையில குடுத்தாங்க. நெஜம் இல்ல, அச்சு. இந்தப் புருவ எலும்ப தொட்டுப் பாரு, இந்தத் தாடைய பாருன்னாரு ப்ரொபசர். உலகத்துல இருக்கற மனுசங்க அத்தன பேரும் ஆப்பிரிக்காவுலருந்து கெளம்பி நடந்து வந்தவங்கதான், எல்லாரும் ஒரே வூட்டுப் புள்ளைங்கன்னாரு. எனக்கு ஒடம்பே புல்லரிச்சிடுச்சு. அன்னிக்கே அம்மாவுக்கு போன் பண்ணி சொன்னேன். அம்மா எல்லாத்தையும் கேட்டுட்டு, அவ்ளோ தூரம் நடந்து வந்தாங்களே, வந்த எடத்துல அவங்களுக்கு பட்டா குடுத்தாங்களாடின்னு கேட்டுச்சு.

அடுத்த செமஸ்டர்ல, யாரு யாரு எப்படி எப்படி வேறன்னு பாடம். ஒரே வூட்டுப் புள்ளைங்கள பிரிச்சி பிரிச்சி எழுதி வச்சிருந்தாங்க. அதுல நாங்களும் இருந்தோம்.

அவசரம் இருக்குங்க சார். ஆராய்ச்சி பண்ண எடம் கெடச்சிருக்கு, அதே யுனிவர்சிட்டியில. பழங்குடி ஒதுக்கீட்டுல. திங்கக்கிழம சர்டிபிகேட்டோட போயி நின்னா எடம் எனக்கு. இல்லன்னா இல்ல. இதுவரைக்கும் படிச்சதெல்லாம் பொதுவுல போட்டி போட்டு படிச்சதுங்க. இனிமே அப்படி முடியாது. எனக்கு மட்டும்னாகூட போனா போவுதுன்னு விட்டுருவேன். இந்த வரிசையில இருக்கற வூடெல்லாம் எங்க சொந்தம். இதுல யாருக்குமே சர்டிபிகேட் கெடையாது. என்னுது ஒன்னு வந்துட்டா, இது என் அக்கா, இது என் அத்த பொண்ணுன்னு அதக் காட்டி மத்தவங்க வாங்கிக்கலாம். அதுக்குத்தான் எல்லாரும் இன்னிக்கி காண்ட்ராக்ட் வேலைக்கிகூட போவாம வூட்லயே இருக்காங்க.

சத்தமே இல்லையேன்னு பாக்கறீங்களா? நீங்க வர்றீங்கன்னு அடங்கி இருக்காங்க. மத்தபடி இந்நேரத்துக்கு நாலு வூட்டு சண்ட கேக்கும்.

இந்த மனு ஒரு தடவ தள்ளுபடி ஆனது சார். அதையும் நானே சொல்லிடறேன். உங்க பைல்ல இருக்கும்ல. போன வருசம் ஆபீசுலருந்து ஒருத்தர் விசாரிக்க வந்தாரு. நான் சென்னையில இருந்தேன். பெரிய ஆபீசர் வர்றாருன்னதும் அம்மா என்னா பண்ணிச்சு தெரியுங்களா? வூட்ட மொழுகி, பக்கத்து வூட்ல பிளாஸ்டிக் சேர் கடன் வாங்கி போட்டு, ஒழுங்கா இருக்கற சேலைய கட்டிக்கினு நின்னுடுச்சு. பின்னால கன்னிமாருக்கு வச்சிருக்கற ஏழு கல்லு மேல சாக்கு போட்டு மூடிடுச்சு. எலி வளைக்கு புகை போடற சட்டிய தூக்கி கூர மோட்டு மேல எறிஞ்சிடுச்சு. அவரு எலி திம்பீங்களான்னு கேட்டதுக்கு, ஐயோ சாமி, நாங்க அப்பிடிப்பட்டவங்க இல்ல, வெள்ளிக்கிழமையானா கோழிகூட தொட மாட்டோம்னு சொல்லிச்சு. கல்யாணம் எப்படின்னதுக்கு, ஐயர் வச்சி கோயில்லதான்னுச்சு. அவரு பழங்குடி வழக்கம் ஏதும் காணப்படலன்னு எழுதிகினு போயிட்டாரு. நல்லா பேசி அனுப்பிட்டேன்னு எனக்கு போன் பண்ணி சந்தோசமா சொல்லுச்சு சார் அம்மா. பொண்ணு படிக்கற மரியாதைய காப்பாத்திட்டோம்னு நெனச்சிக்கினு இருந்துச்சு.

பொய்தாங்க. பொய்யி இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பொய்ய அது அன்னிக்கி கத்துக்கல. சுரங்கத்து ஆபீசருங்க குவார்ட்டர்ஸ்ல வூட்டு வேலைக்கு போயிகினு இருந்துது. எலி திங்கறவங்கன்னு தெரிஞ்சா ஏனம் பாத்திரத்த தொட விடுவாங்களா? அதனால வருசக்கணக்கா இல்ல இல்லன்னே சொல்லிப் பழகின வாயி. ஒரு நாளைக்கி மட்டும் ஆமான்னு சொல்லணும்னா வருமா? நம்ம புஸ்தகத்துல அதுக்கு ஒரு பேரு இருக்கும் சார், உங்களுக்குத் தெரியும். எங்கம்மாவுக்குத் தெரியாது.

கேளுங்க. ஒன்னொன்னா கேளுங்க, நான் சொல்றேன்.

பாம்பு. அப்பா புடிப்பாரு. நாங்க இந்த சுரங்க டவுன்ஷிப் ஓரத்துக்கு வந்ததே அதனாலதான். அதுக்கு முன்ன பண்ருட்டி பக்கம் முந்திரித் தோப்புல காவல் இருந்தவங்க. டவுன்ஷிப் முழுக்க மரம் செடிங்களா, குவார்ட்டர்ஸ்குள்ள பாம்பு வந்துடும். எந்த பிளாக்ல பாம்பு வந்தாலும் அப்பாவத்தான் தேடி ஆள் வரும். அப்புறம் சுரங்கத்துல காண்ட்ராக்ட்ல சேத்துவிட்டாங்க, கரி ஓடற பெல்ட்டு ஓரம் சிந்தறத வாரிப் போடற வேல. ஷிப்ட் முடிஞ்சி வந்தும் பாம்புக்குப் போவாரு. எனக்குப் புடிக்கத் தெரியாது. பயம்.

எலி சின்ன வயசுல சாப்ட்டிருக்கேன். ருசியா இருக்கும். இப்ப நான் சாப்பிடறதில்ல. அம்மா கூடப் பொறந்த குமரவேல் மாமா சாப்பிடுவாரு. அப்படியே எழுதிக்குங்க.

ஆமாங்க, கூர மேல டிஷ் தெரியுதே, டிவி எங்களுதுதான். ரிப்பேரா இருந்தத குவார்ட்டர்ஸ்ல குடுத்தாங்க. டிவி பாத்தா இருளர் இல்லன்னு ஆயிடுமாங்க? கோவப்படலீங்க. சார் கேட்டதுக்கு சொன்னேன். கதவு மேல மாட்டியிருக்கற மாதா படம் சோபியா டீச்சர் குடுத்தது, என்ன பன்னெண்டாவது பாஸ் பண்ண வச்சவங்க. அதையும் கழட்டிடலாமான்னு யோசிச்சேன். வேணாம், இருக்கறது இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

மாசி மகத்துக்கு மாமல்லபுரம் போவோம், ஆமாங்க. கடக்கரையில துணி கட்டி தங்கி, கன்னியம்மாவ கும்பிட்டு வருவோம். போட்டோ இருக்கு போன்ல. இதோ, இது அம்மா. அலைக்கி பயந்துகினு சேலைய தூக்கிப் புடிச்சிக்கினு நிக்குது பாருங்க.

சார், நான் ஒன்னு சொல்லட்டுங்களா. நீங்க அடுத்து என்ன கேப்பீங்கன்னு எனக்குத் தெரியும். பரிசம் எவ்ளோ, தாலி யாரு கட்றது, தாய்மாமன் மொற என்ன, கொலம் என்ன, சாவு கெட்டத எப்படி செய்வீங்க. அந்தக் கேள்வி வரிசைய நானே மனப்பாடம் பண்ணி பரிட்சையில எழுதினவ. எது சொன்னா நீங்க தலையாட்டுவீங்க, எது சொன்னா பேனாவ மூடுவீங்கன்னுகூட தெரியும். நேத்து குமரவேல் மாமா, ஒரு நல்ல பாம்பா புடிச்சி பானையில போட்டு வச்சிக்கறேன், சார் உக்காந்ததும் தொறந்து விடறேன், சர்டிபிகேட்ட கையில குடுத்துட்டு ஓடுவாருன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. ஆனா மாமா வெளையாட்டுக்கு சொல்லல, ரெடியாதான் இருந்தாரு. நான்தான் வேணான்னுட்டேன். நாங்க என்னவா இருக்கமோ அதத்தான் காட்டணும், நடிச்சிக் காட்டி வாங்கினா அப்புறம் அந்தப் படிப்புக்கு என்ன மரியாத. பெரிய இவளாட்டம் சொன்னேன். ராத்திரி படுத்தா தூக்கம் வரல. பாம்ப வச்சிருக்கலாமோன்னு ஆயிடுச்சு.

ஏன்னா நாங்க புஸ்தகத்துல இருக்கற மாதிரி இல்லீங்க சார். புஸ்தகம் எழுதினவரு வந்து பாத்துட்டுப் போயி எவ்ளோ காலம் ஆச்சு. காடு இல்ல. தோப்புக்குள்ள விடறதில்ல. எங்க ஆளுங்க ஹெல்மெட் போட்டுக்கினு பெல்ட்டு ஓரம் நிக்கறாங்க. மாறுறதுதான் கலாச்சாரம்னு எங்களுக்கு ஒரு பேப்பரே இருந்துச்சு, நல்ல மார்க் எடுத்தேன் அதுல. மத்தவங்க மாறுனா முன்னேறிட்டாங்க. நாங்க மாறுனா, நீ அவனே இல்லங்கறீங்க. உங்கள சொல்லல சார். உங்க கையில இருக்கற கேள்விய சொல்றேன்.

தப்பா பேசியிருந்தா மன்னிச்சிக்குங்க. எழுந்துக்காதீங்க சார். உக்காருங்க. நீங்க இப்ப எழுந்து போயிட்டீங்கன்னா எனக்கு வேற வழி கெடையாது.

அம்மாகிட்ட பேசணுங்களா.

அது அன்னிக்கி இல்லன்னு சொன்னதால நேர்ல கேட்டாத்தான் முடிவு பண்ண முடியும்ங்கறீங்க. சரிங்க சார், நியாயந்தான். அம்மா உள்ளதான் இருக்குது. கொஞ்ச மாசமா படுக்கைதான், மூச்சு வாங்கும். போன தடவ தப்பா சொல்லிட்டேன், என்னாலதான் உனக்குப் போச்சின்னு அதையே சொல்லிகினு கெடந்துது. இந்த தடவ சரியா சொல்றேன் பாருன்னு என்ன உக்கார வச்சி ஒப்பிச்சிக் காட்டும். எலி திம்போம். பாம்பு புடிப்போம். கன்னியம்மாவ கும்பிடுவோம். ஸ்கூல் புள்ள மாதிரி சொல்லிட்டு, சரியாடின்னு கேக்கும். நேத்து சாயங்காலமும் சொல்லிச்சு. ஒன்னுகூட தப்பு இல்ல.

எழுப்பறதுக்கு இல்லீங்க சார். விடியகாலம் போயிடுச்சு.

ஆமாங்க. இன்னிக்கிதான்.

இல்ல, உக்காருங்க, உக்காருங்க. அதனாலதான் உங்ககிட்ட மொதல்லயே சொல்லல. பக்கத்து ஊர்ல எங்கள மாதிரியே மனு குடுத்தவங்க வூட்ல சாவுன்னு தெரிஞ்சி பாதி வழியிலயே திரும்பிட்டீங்களாம், அவங்களுக்கு இன்னும் அடுத்த தேதி வரல. எங்களுக்கு திங்கக்கிழமதான் இருக்குது. அதனால நான் எல்லார் கால்லயும் விழுந்து கேட்டுக்கினேன். சார் வந்துட்டு போற வரைக்கும் யாரும் அழக் கூடாது, மேளக்காரங்களுக்கு சொல்லக் கூடாதுன்னு. மாமா ஒத்துக்கவே இல்ல. கூடப் பொறந்தவ கெடக்கறா, வாய மூடிகினு உக்காரச் சொல்றியான்னாரு. அப்புறம் அவரும் உக்காந்துட்டாரு. எல்லாரும் உள்ள அதச் சுத்தி உக்காந்திருக்காங்க. வாயில துணிய வச்சிக்கினு.

சார், கெட்டத எப்படி செய்வீங்கன்னு ஒரு கேள்வி இருக்குல்ல. எங்கள்ல பொதைக்கறதுதான். யாரு குளிப்பாட்டறது, யாரு குழி எடுக்கறது, தலைய எந்தப் பக்கம் வைக்கறது, எல்லாத்தையும் இன்னிக்கி நீங்களே நேர்ல பாத்து எழுதிக்கலாம். மாமாவுக்கு நடிக்கத் தெரியாது, எது வழக்கமோ அதத்தான் செய்வாரு. இதுக்கு மேல என்கிட்ட காட்டறதுக்கு ஒன்னும் இல்லீங்க.

வாங்க, செருப்ப இங்கயே விட்டுட்டு வாங்க. குனிஞ்சி வாங்க சார், சீட்டு இடிக்கும். நீங்க வந்து பாத்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா அவங்க அழ ஆரம்பிச்சிக்குவாங்க.