இடுப்பு நாடா

பிறர் உடம்பைத் தொடுமுன் கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். என் தையற்கூடத்துக்கு வரும் பெண்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான், இன்ஸ்பெக்டர் ஐயா. என் மாடல் பெண் மிரேயையும் நான் அன்று சூடான கைகளால்தான் தொட்டேன்.

எங்கள் மாலை கவுன்களுக்குத் தோள்பட்டி கிடையாது. உள்ளே விறைப்புக்கு எலும்புப் பட்டைகள் வைத்துத் தைத்த கச்சு. அதற்கும் உள்ளே, இடுப்பைச் சுற்றி அழுத்தமான ஒரு நாடா. அவ்வளவு பட்டின் கனமும் அந்த நாடாவில்தான் நிற்கும். கவுனைப் பார்த்து வாயைப் பிளக்கும் பாரீஸ் சீமாட்டிகள் யாரும் அதைக் கவனித்ததில்லை.

நாடாவின் கொக்கியை மாட்டும்போது மாடல் பெண்கள் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து வைத்துக்கொள்வார்கள். மாட்டியதும் விட்டுவிட்டால் கொஞ்சம் இடம் மிச்சம். தெரிந்தும் கண்டுகொள்ள மாட்டேன். பாவம், பிழைக்க வந்தவர்கள்.

மிரேய் நுரையீரலில் சீக்கு வந்து மலைப்பக்க ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தவள். திரும்பி வந்தபோது கட்டிப்பிடித்து அழுதவள் நான். அவளுக்கென்றே அந்தக் கறுப்புக் கவுனைத் தைத்தேன். என் தையல் பெண்கள் கண் எரிய எரிய அதில் மணி கோத்தார்கள். கவுன்களை அணிந்து காட்டும் காட்சிக்கான ஒத்திகையன்று ஒரு பணக்கார அம்மாள் கவுனைப் புகழ்ந்தபோது, எங்கள் எதிரிலேயே மிரேய் சொன்னாள்:

"கவுன்ல என்னங்க இருக்கு? எல்லாம் இந்த இடுப்பு பண்ற வேலை. கோணிச் சாக்கைச் சுத்தினாலும் இப்படித்தான் நிக்கும்."

அந்த அம்மாள் சிரித்தாள். மிரேய் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இப்போதும் எரிகிறது.

அவள் கவுன் நாடாவின் சுற்றளவில் ஒரு விரல் அகலம் குறைத்தேன். காட்சியன்று அவள் வழக்கம்போல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அவசரப்படவில்லை. ஒரு கதை சொன்னேன்.

"வெள்ளை நாய் வச்சிருக்காளே ஒரு சீமாட்டி, அவ நம்ம கவுனைப் போட்டுக்கிட்டு ஓபராவுக்குப் போனாளாம். சேர்ந்தாப்புல உக்காரவே முடியலயாம். பாட்டு முடிய முடிய எந்திரிச்சு எந்திரிச்சுக் கைதட்டியிருக்கா. பாடுனவனுக்குத் தலைகால் புரியலயாம்."

மிரேய் குலுங்கிச் சிரித்தாள். மூச்சு முழுக்க வெளியே போன நொடியில் கொக்கிகளை மாட்டினேன். பிறகு கவுனின் முதுகை அவள் உடம்போடு வைத்துத் தைத்து மூடினேன். காட்சிக்கு அப்படித் தைப்பது எங்கள் வழக்கம்தான்.

"மதாம், மூச்சு விட முடியல. விளையாடாதீங்க."

"இடுப்புதானேடி எல்லாம் பண்ணுது? போய்க் காட்டிட்டு வா."

போனாள். கூடத்தின் நடுவில் ஒரு சுற்றுச் சுற்றி, மெல்ல மண்டியிட்டுச் சரிந்தாள். வணங்குகிறாள் என்று நினைத்து எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலும் அவளுக்குத்தான்.

திரைக்குப் பின்னால் தூக்கி வந்தபோது உதடுகள் நீலம் பாரித்திருந்தன. "வெட்டுங்க மதாம், வெட்டிடுங்க" என்று பெண்கள் அழுதார்கள். என் உத்தரவில்லாமல் கவுனில் கத்தரி வைக்க அவர்களுக்குத் துணிச்சல் இல்லை. என் கத்தரிக்கோல் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. மிரேயின் கை அதைத் தேடி வந்தது. அந்தக் கையை விலக்கி வைத்துவிட்டு, ஊசிமுனையால் ஒவ்வொரு தையலாகப் பிரித்தேன். கடைசிக் கொக்கியைக் கழற்றியபோது அவள் போய்விட்டிருந்தாள்.

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். கவுனை எடுத்துப் பாருங்கள், பட்டில் ஒரு கீறல் இல்லை. கோபக்காரியின் கை இவ்வளவு சுத்தமாகப் பிரிக்குமா?