நூறு வருஷம் தள்ளிப் போட்ட கதை

– நூறு வருஷம் கழிச்சுன்னு எதுக்குக்கா போட்டே? அதை மட்டும் சொல்லிட்டு அப்புறம் உன் புத்தக விழா மேடைக்குப் போ.

– மெதுவாப் பேசுடி. வெளியில மைக் டெஸ்ட் பண்ணிட்டிருக்காங்க, இந்த ரூம் கதவு வேற சரியாச் சாத்தலை. என்ன நீ, யூனிஃபார்மோடயே வந்துட்டே?

– மாத்த நேரமில்ல. பஸ்ல வர்றப்பதான் உன் புத்தகத்தை முடிச்சேன். உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துது. அத்தனையும் நான் சொன்னது. எங்க வார்டுல நடந்தது. போன வருஷம் தன் பேரை எழுதின குழந்தைக்கு இந்த வருஷம் அந்த எழுத்தே ஞாபகமில்லைன்னு, உன் சமையக்கட்டுல உக்காந்து அழுதுகிட்டே சொன்னேன். நீ என்னடான்னா நூறு வருஷம் கழிச்சு, ஏதோ ஒரு ஊர்ல சாம்பல் மழை பெய்யுதுன்னு எழுதி வச்சிருக்கே.

– அப்படி எழுதினாதாண்டி படிப்பாங்க. பேட்டரி உருக்கற ஃபேக்டரியிலேர்ந்து ஈயம் தண்ணியில கலந்து குழந்தைங்க மூளையைத் தின்னுதுன்னு எழுதினா, அதான் பேப்பர்லயே வருதேன்னு மடிச்சு வச்சுடுவாங்க. இப்படியே விட்டா எங்க போய் நிப்போம்னு காட்டினாதான் பயம் வரும். அதுக்குத்தான் எழுதினேன்.

– பயந்தாங்களா? ஒருத்தரைக் காட்டு.

– விமர்சனம் நாலஞ்சு வந்திருக்கே.

– அதையும் படிச்சேனே! ‘அபாரமான கற்பனை’யாம். ‘இப்படியெல்லாம் கூட யோசிக்க முடியுமா’ன்னு ஒருத்தர் வாயைப் பொளக்கறாரு. உன் கதையில வர்ற அந்தப் பொண்ணு வயித்து வலியில சுருண்டு சுருண்டு வாந்தி எடுத்தப்ப தலையைப் பிடிச்சுக்கிட்டது நான். சொல்லுக்கா, இதுல எது கற்பனை?

– இரு, இரு. பேர் போட்டு எழுதியிருந்தா என் மேல கேஸ் வந்திருக்கும். உன்னை வேலையை விட்டே தூக்கியிருப்பாங்க. அதையும் யோசிச்சேன்.

– என்னைக் காப்பாத்துன்னு நான் கேட்டேனா? போக்கா! நூறு வருஷம்னு பாத்ததுமே படிக்கிறவனுக்கு நிம்மதி. அவன் செத்து, அவன் பேரனும் செத்து, அதுக்கப்புறம்தானே வரப்போகுது? போர்வையை இழுத்துப் போர்த்திக்கிட்டுத் தூங்கறான். எங்க தெருக் குழாயைத் திறந்தா அந்த விஷம் இன்னைக்கே வருது.

– நான் மட்டும் என்ன கல்லா? எத்தனை தடவை முடியலைன்னு தூக்கிப் போட்டிருக்கேன் தெரியுமா? எனக்கு எழுதறதை விட்டா வேற என்னடி தெரியும்?

– பேசத் தெரியும்ல? மைக் இருக்கு, ஆளுங்க இருக்காங்க. இது எதுவும் கற்பனை இல்லைன்னு சொல்லு.

– மேடம்! ரெடியா? சந்தோஷமான சமாச்சாரம் ஒண்ணு... அடடே, இவங்க?

– என் தங்கச்சி. நர்ஸா இருக்கா. இவர்தாண்டி என் புத்தகத்தைப் போட்ட பதிப்பாளர்.

– வாங்க, வாங்க. சிஸ்டர்னு கூப்பிடலாம்ல?

– தாராளமா. வீட்லயும் அதான், வேலையிலயும் அதான். சமாச்சாரத்தைச் சொல்லுங்க.

– என்ன சொல்றேன்னா, சீஃப் கெஸ்டுக்குத் திடீர்னு காய்ச்சல். நான் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கறேன். அந்த நேரம் பாத்து, பேட்டரி ஃபேக்டரி முதலாளி அவரே ஃபோன் பண்றாரு, ‘நான் வரட்டுமா’ன்னு! புத்தகத்தை முழுசாப் படிச்சுட்டாராம். வந்து முன் வரிசையில உக்காந்திருக்காரு.

– யாரு?

– ஏன் மேடம் முகமே மாறிப்போச்சு? பெரிய மனசு அவருக்கு. ஃபேக்டரி பக்கத்து ஸ்கூல்ல ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு புத்தகம் வாங்கித் தரேன்னுட்டாரு. ‘இப்படி ஒரு காலம் நம்ம பிள்ளைங்களுக்கு வந்துடவே கூடாது’ன்னு கண்ணைத் தொடைச்சுக்கிட்டாரு.

– கேட்டியாக்கா? எழுத்தே மறந்துபோன பிள்ளைங்களுக்குப் புத்தகம் குடுக்கப்போறாராம்!

– சிஸ்டர் எதுக்குக் கோவப்படறாங்க?

– அவளை விடுங்க சார். அந்தச் சாம்பல், அந்தக் குளம், ஃபேக்டரி வாசல்ல இருக்கற அந்தப் பச்சை இரும்பு கேட்... எல்லாம் அப்படியே எழுதியிருக்கேன். இது நம்மளைத்தான் சொல்லுதுன்னு அந்த மனுஷனுக்கு ஒரு வரியில கூடவா உறைக்கலை?

– எதுக்கு உறைக்கணும்? கதைதானே மேடம். முதல் பக்கத்துலயே ‘யாவும் கற்பனை’ன்னு போட்டிருக்கோம்ல.

– அதைப் போட்டதுதான் தப்பு. அவருக்கு முன்னாடி நான் பேசறேன். எல்லாத்தையும் உடைச்சுச் சொல்லப்போறேன்.

– பேசுங்க, யாரு வேண்டாம்னா? ஆனா அதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம். அவர் நம்மகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறாரு. இனிமே அச்சடிக்கறதுல ஏழாவது அத்தியாயம் மட்டும் வேண்டாமாம்.

– எது, குழந்தைங்க தங்க பேரையே மறந்துட்டு நிக்கறதா?

– சேச்சே, அது இருக்கட்டும்னுட்டாரு. அங்கதான் அழுதாராம். ஏழாவதுல குழாய் வருமே, அது. தண்ணியில விஷம்னு ஊரை ஆளறவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சு, யாருக்கும் சொல்லாம மலைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து தங்களோட வீடுகளுக்கு மட்டும் தனிக் குழாய் பதிச்சுக்கறாங்களே.

– அதையா? அது இவ சொன்னதே இல்லையே.

– ஆமா, நான் சொல்லலை. நிஜத்தைச் சொல்லட்டுமாக்கா? எனக்கே அந்த இடம் மட்டும் அநியாயம்னு தோணிச்சு. அந்த முதலாளி பேராசை பிடிச்சவன், நாம சொல்றதைக் காதுலயே வாங்க மாட்டான், எல்லாம் சரி. ஆனா எங்க ஆஸ்பத்திரி வராந்தாவுல எல்லாரும் பாக்கக் குழாய்த் தண்ணியை ஒரு டம்ளர் பிடிச்சுக் குடிச்சுக் காட்டினான். ‘என் வீட்லயும் இதே தண்ணிதான், என் பேரப்பசங்களும் இதைத்தான் குடிக்கறாங்க’ன்னான். தெரிஞ்சே தனக்கு மட்டும் தனிக் குழாய் போட்டுக்கற அளவுக்கு எந்த மனுஷனும் போக மாட்டான்.

– எனக்கும் எழுதறப்ப கை கூசிச்சுடி. கதைக்கு ஒரு வேகம் வேணும்னு போட்டேன். மொத்தப் புத்தகத்துலயும் முழுசா நானா இட்டுக்கட்டினது அது ஒண்ணுதான்.

– அப்ப தொல்லையே இல்லை மேடம்! இட்டுக்கட்டினதுதானே, எடுத்துடுவோம். பிள்ளைங்க பயந்துடும்னு சொல்றாரு. நியாயம்தானே?

– பேர் மறந்துபோறதைப் படிச்சா பயப்படாத பிள்ளைங்க, குழாயைப் படிச்சா பயந்துடுமா? சார், சரியா ஞாபகப்படுத்திச் சொல்லுங்க. வேற என்ன கேட்டாரு?

– வேற ஒண்ணுமில்ல சிஸ்டர். என்னைத் தனியாத் தள்ளிக்கிட்டுப் போய் ஒரு கேள்வி கேட்டாரு, எனக்குத்தான் தலையும் புரியலை, வாலும் புரியலை. அந்தக் குழாயைப் பதிச்ச ஆளுங்கள்ல எவன் மேடத்துகிட்ட வந்து சொன்னதுன்னு.