போனில் தெரியாத கால்

கொரோனாக் காலத்தில் ஒரு காலை, துறைமுக வீதியில் மூதூர் பஸ்ஸுக்காக நின்றேன். முன்னால் முகக்கவசம் போட்ட இரண்டு பெண்கள்.

"உங்கட அவருக்குக் கை போனது நல்லதாப் போச்சு, அக்கா," என்றாள் இளையவள்.

"என்ன கதை இது?"

இருவரின் கணவன்மாரும் துறைமுக வேலையில் ஒரே விபத்தில் அடிபட்டவர்களாம். நீதிமன்றம் பூட்டியிருந்ததால் நட்டஈட்டு விசாரணை போன் வீடியோவில் நடந்திருக்கிறது.

"பின்ன? உங்கட அவர் நீதவான் ஐயாவைக் கும்பிட்டவர். விரல் இல்லாத கை அப்பிடியே தெரிஞ்சது. நான் என்ர மனுசனுக்குச் சவரம் எடுப்பிச்சு, கலியாணச் சேட்டுப் போட்டுக் கதிரையில இருத்தினனான். போனில நெஞ்சு மட்டும்தான் தெரிஞ்சது. 'நல்லாத்தானே இருக்கிறீங்கள்' எண்டு கேட்டினம். வெட்டின காலை ஆர் கண்டது?"

"அடுத்த தவணைக்குப் போனைக் கீழ பிடியுங்கோ."

"உங்களுக்கென்ன, உங்கட வழக்கு வெண்டாச்சு."

பஸ் வந்து நின்றது. ஏறப் போன மூத்தவள் திரும்பினாள்.

"முந்தநாள் உங்கட வாசலால போனனான். உங்கட அவர் கதிரையில இருந்து, பிள்ளையை ரெண்டு கையாலயும் தூக்கித் தூக்கிப் பிடிச்சவர். கன நேரம் நிண்டு பார்த்தனான், தங்கச்சி."